ஹார்பர் டீமுக்குக் கொடுக்காத கோல்

போன மாசம் கடலூரிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். நம் பக்கத்துக் கால்பந்து லீக்கின் பழைய கதையெல்லாம் திரட்டிக்கொண்டிருக்கிறானாம். எந்தெந்த டீம் ஆடியது, யார் கேப்டன், எந்த வருஷம் யார் கேடயம் எடுத்தார்கள் என்று.

"உங்க அப்பா ரெஃப்ரீயா இருந்தாருன்னு சொன்னாங்க மேடம். அந்தக் கடைசி பெரிய மேட்ச்ச பத்தி எதுனா ஞாபகம் இருக்கா? மில் டீம் ஒண்ணு, ஹார்பர் டீம் பூஜ்யம்னு ஒரு நோட்டுல எழுதியிருக்கு. அவ்ளோதான் கெடச்சுது" என்றான்.

"நான் அப்ப சின்னப் பொண்ணுப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அவனிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். என் வயசுக்காரர்கள் நீங்கள். அறுபதைத் தாண்டி, மூட்டு வலியும் சர்க்கரை மாத்திரையுமாக உட்கார்ந்திருக்கிறவர்கள். உங்களில் சில பேர் அன்றைக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். அது கோலா இல்லையா என்று பஸ்ஸில், டீக்கடையில் கத்திச் சண்டை போட்டிருப்பீர்கள். யார் சொன்னது சரி என்று சொல்லிவிடுகிறேன். சொல்வதால் இனிமேல் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால்தான் சொல்ல முடிகிறது.

எனக்கு அப்போது பதினோரு வயசு. சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ஆபீசில் கிளார்க் வேலை. சொந்த ஊர் அதுவல்ல. அப்பாவும் அம்மாவும் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனுக்குக் கிழக்கே, உப்பனாற்றுக்கு அந்தாண்ட இருக்கிற மீன்பிடிக் குப்பத்துக்காரர்கள். அப்பா அந்தக் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஒரே ஆள். வேலை கிடைத்ததும் ஊரை விட்டு வந்துவிட்டார். ஆனால் பந்தை விடவில்லை. சின்ன வயசில் ஹார்பர் டீமில் ஆடியவர், முழங்கால் தேய்ந்த பிறகு ரெஃப்ரீ ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் கருப்பு அரைக்கால்சட்டை, கருப்புச் சட்டை, வெள்ளைக் கயிற்றில் தொங்கும் பித்தளை விசில். அந்த விசிலை அவர் புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னும். வாயில் வைத்தால் லேசாகப் புளிக்கும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

என்னை எல்லா ஆட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளை மேல் பாசம் என்று ஊரில் நினைத்தார்கள். பாசமும் உண்டு. ஆனால் காரணம் வேறு. அப்பாவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "பாப்பா, அது என்னா பஸ்ஸு?" என்பார். நான் போர்டைப் படித்துச் சொல்வேன். கண்ணாடி போட்டால் ரெஃப்ரீ வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். "கண்ணாடி போட்ட ரெஃப்ரீய எவன்டி மதிப்பான்? கூட்டத்துல கேலி பண்ணியே கொன்னுடுவானுங்க" என்று ஒரு தரம் என்னிடம் சொன்னார். அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. அப்பாவும் நானும் மட்டும் வைத்திருக்கிற ரகசியம் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று போகும். ஓ.டி. நெருங்கும்போதே கருவாட்டு வாசம் ஜன்னல் வழியாக ஏறும். அப்பா மூக்கை நிமிர்த்திக்கொள்வார்.

லீக்கில் ஆறு டீம். இப்போது எந்த டீமும் இல்லாததால் எல்லாவற்றையும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். பரங்கிப்பேட்டை டீம்தான் பார்க்க அழகு. சிங்கப்பூரில் இருக்கும் மாமன்கள், சித்தப்பாக்கள் அனுப்பிய பச்சை பனியன் போட்டு வருவார்கள். அவர்கள் ஓடினால் அத்தர் வாசம் வரும். நெல்லிக்குப்பம் பையன்கள் கரும்பு டிராக்டரின் டிரெய்லரில் நின்றுகொண்டே வந்து இறங்குவார்கள். பாதி ஆட்டத்தில் ஆரஞ்சுச் சுளைக்குப் பதில் கரும்பைக் கடிப்பார்கள். எங்கள் சிதம்பரம் டீம் விபூதி பூசிக்கொண்டு ரொம்ப மரியாதையாக ஆடித் தோற்கும். திட்டக்குடிக்காரர்கள் விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவார்கள். ஆறு கோல், ஏழு கோல் வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பிப் போவார்கள். ஒரு ஆட்டத்துக்குக்கூட வராமல் இருந்ததில்லை. மில் டீம் என்பது ஒரு கடலை எண்ணெய் மில் முதலாளி வைத்திருந்தது. ஆட்களை வெளியூரிலிருந்து வேலை கொடுத்துக் கூட்டி வருவார். பதினோரு பேர் காலிலும் புது பூட்ஸ்.

ஹார்பர் டீம் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சொந்தப் படகு வைத்திருந்தார். அவரும் அப்பாவும் ஒரே காலத்தில் அந்த டீமில் ஆடியவர்கள். ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது மாமா டீமை நடத்திக்கொண்டிருந்தார். அவர் மகன்தான் டீமின் ஃபார்வர்ட். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயசு இருக்கும். எனக்கு மச்சான் முறை. அவர் காலில் பந்து இருக்கும்போது கரையில் இருக்கிற கிழவர்கள்கூட உட்கார்ந்த இடத்தில் காலை உதைத்துக்கொள்வார்கள். பந்தோடு பேசிக்கொண்டே ஓடுவார். என்ன பேசுவார் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, மஞ்சக்குப்பம் மைதானத்தில் கோலுக்குக் கட்டியிருந்த வலைகளை ஹார்பர் டீம்தான் கொடுத்திருந்தது. கடலில் உழைத்துக் களைத்த பழைய வலை. மழை பெய்தால் மைதானமே நாறும். குறுக்குக் கம்பத்தில் எந்நேரமும் இரண்டு காக்கா உட்கார்ந்திருக்கும். பரங்கிப்பேட்டை கோல் கீப்பர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் பங்குனியில் கடைசி ஆட்டம். மில் டீமும் ஹார்பர் டீமும். புள்ளிக் கணக்கில் ஹார்பர் ஒரு படி மேலே இருந்ததால், டிரா ஆனாலே கேடயம் அவர்களுக்கு. அது மட்டுமில்லை. மெட்ராஸிலிருந்து ஒரு டிபார்ட்மெண்ட் டீமுக்கு ஆள் எடுக்கிறவர் ஒருத்தர் வந்து உட்கார்ந்திருந்தார். மாமா மகனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எடுத்தால் கவர்மெண்ட் வேலை. கடலுக்குப் போக வேண்டாம். எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகாமல் சோறு தின்னும் இரண்டாவது ஆள் அவராக இருந்திருப்பார்.

நாங்கள் மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டோம். கிழக்குப் பக்கத்துக் கோல் வலையில், கம்பத்தை ஒட்டிய பக்கவாட்டில் கீழே ஒரு ஓட்டை. முந்தின நாள் மேய வந்த மாடு கொம்பால் கிழித்துவிட்டதாம். ஒரு குடம் நுழையும். மாமா அங்கே குந்திக்கொண்டு, கையில் வலை பின்னுகிற ஊசியும் நூலுமாக ஆரம்பிக்கப் போனார். அப்பா ஓடினார்.

"மச்சான், கைய எடு."

"நாலு கண்ணிதான் அறுந்திருக்கு மச்சான். அஞ்சு நிமிசத்துல போட்டுட்றேன்."

"வேணாம். மில் ஆளுங்க பாத்துகினு நிக்கிறானுங்க. மேட்ச் அன்னிக்கு ஒரு டீம் ஆளு கோலத் தொட்டான்னு பேச்சு வரக்கூடாது. அதுவும் நீ."

"அதுவும் நான்னா இன்னா?"

"எம் பொண்டாட்டிக்கு அண்ணன்."

மாமா சிரித்துவிட்டார். "நீ ஒருத்தன்டா" என்று ஊசியை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். அப்பா மைதானத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டு, சணலை வைத்து இரண்டு இடத்தில் முடிச்சுப் போடச் சொன்னார். அவன் போட்டது முடிச்சா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

அப்பாவின் நேர்மை அப்படிப்பட்டது. யாரும் ஒரு விரல் நீட்டிவிடக் கூடாது. அந்த நேர்மைக்குப் பின்னால் கொஞ்சம் அகம்பாவமும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. வலையில் ஓட்டை இருப்பதைவிடத் தன் பேரில் ஓட்டை விழக்கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிசாக இருந்தது. ஆனால் பதினோரு வயசில் எனக்கு அவரைப் போல ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது.

நான் எப்போதும் கோலுக்குப் பின்னால் ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். வலை நாற்றத்துக்காகவும் முகத்தில் அடிக்கிற வெயிலுக்காகவும் வேறு யாரும் அங்கே வரமாட்டார்கள். எனக்கு அந்த நாற்றம் மாமா வீட்டு நாற்றம். அன்றைக்குக் கிழக்குக் கோலுக்குப் பின்னால், ஓட்டை இருந்த பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

மில் டீம் முதல் பாதியில் ஒரு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதி பூராவும் ஹார்பர் முட்டி முட்டிப் பார்த்தது. மைதானம் படலம் படலமாகத் தூசி கிளப்பியது. முடிய ஐந்து நிமிஷம்தான் இருக்கும். மில் டீம் ஒரே தள்ளாக முன்னால் போயிருந்தது. அப்பாவும் அவர்களோடு அந்தப் பக்கம் ஓடிப்போயிருந்தார். திடீரென்று பந்து மாமா மகன் காலுக்கு வந்துவிட்டது. பாதி மைதானத்தைத் தனியாகக் கடந்து வந்தார். வாய் முணுமுணுப்பது எனக்குத் தெரிந்தது. வலது பக்கத்திலிருந்து அடித்தார். மில் கோல் கீப்பர் பாய்ந்து முகம் குப்புற விழுந்தான். பந்து கம்பத்துக்கு உள்ளே, கம்பத்தை உரசிக்கொண்டு வந்து, சணல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு பக்கவாட்டு ஓட்டை வழியாக வெளியே பாய்ந்து என் முழங்காலில் அடித்தது. பாவாடையில் வட்டமாகச் செம்மண் அச்சு.

உள்ளே வந்துதான் வெளியே போனது. ஒரு கை தூரத்தில் பார்த்தேன்.

அப்பா நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இந்தாண்ட வந்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கம்பத்துக்கு வெளியே உருளும் ஒரு பந்து, அவ்வளவுதான். லைன்ஸ்மேன் பக்கம் திரும்பினார். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர், தோளைக் குலுக்கினார். அப்பா விசில் ஊதி, கோல் கிக் என்று கை காட்டினார். மில் கோல் கீப்பர் எழுந்து ஒரு நிமிஷம் வலையைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். பிறகு பந்தை வாங்கிக்கொண்டு போய் வைத்தான்.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாமா மகன் ஓடிவந்தார். "மாமா, உள்ள போச்சு மாமா! வலையப் போய்ப் பாருங்க மாமா!" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா கையை உதறினார். "வெளியே போடா" என்றார். அவர் அப்பாவின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டார். அப்பா மல்லாக்க விழுந்தார். கூட்டம் உள்ளே புகுந்தது. யாரோ "திருட்டு ரெஃப்ரீ" என்றார்கள். யாரோ மில்லுக்கு விலை போய்விட்டான் என்றார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அப்பாவின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. உதட்டில் ரத்தம். விசிலைக் காணோம். கூட்டம் கலைந்த பிறகு நானும் வாட்ச்மேனும் காலால் மண்ணைக் கிளறிக் கிளறித் தேடினோம். கிடைக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு தரம் பேசினார். "வெளியதான் போச்சு. நான் பாத்தேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முன் சீட்டின் கம்பியைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்குப் போனால் அம்மாவுக்குச் செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. "எங்க அண்ணன் புள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, கண்ணு என்னா அவிஞ்சா போச்சு?" என்று கேட்டாள். தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் அப்பா அந்த வார்த்தையில் சுருங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அப்பா ஆபீசுக்குப் போகவில்லை. மேசையில் பேப்பரை வைத்துக்கொண்டு லீக் கமிட்டிக்கு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்திருந்தார். எழுதவில்லை. ஒரு வரி எழுதிக் கிழித்துப் போட்டிருந்தார். மாமா வந்தார். வழக்கமாக வந்தால் வாசலிலிருந்தே என்னைக் கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிடவில்லை. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"மச்சான், அவன் ஒம் மேல கை வெச்சது தப்பு. அவன ஒங் கால்ல விழச் சொல்றேன். அது தனி. ஆனா பையன் சத்தியம் பண்றான். கடலம்மா மேல சத்தியம் பண்றான், உள்ளதான் போச்சுன்னு. ஒனக்கு ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் ரிப்போர்ட்ல எழுது. மறுபடி ஒரு ஆட்டம் வெக்கச் சொல்லு. தோத்தா தோத்துட்டுப் போறோம்."

அப்பா கிழித்துப் போட்டிருந்த பேப்பரைக் காலால் ஒதுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா கோலுக்குப் பின்னாடியேதான் ஒக்காந்திருந்துது. அதையே கேளு."

அடுப்படியில் அம்மா பாத்திரத்தை வைத்துவிட்டு நிலைப்படியில் வந்து நின்றாள். மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் வேட்டியில் உப்புக் காய்ந்த வெள்ளைக் கோடுகள்.

"சொல்லு கண்ணு. மாமாவுக்காவ சொல்லாத, அப்பாவுக்காவவும் சொல்லாத. பாத்தத சொல்லு. பந்து எங்க போச்சு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். உதடு வீங்கியிருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையை நான் தப்பாகப் படித்தேன். என்னைக் காப்பாற்று என்று கேட்கிறார் என்று நினைத்தேன். உள்ளே போனது என்று சொன்னால் அவர் கண் தெரியாதவர் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், எங்கள் ரகசியம் போய்விடும், இனி ஞாயிற்றுக்கிழமை இல்லை, பஸ் போர்டு படிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார் என்றெல்லாம் மனசில் ஓடியது. அப்பாவைத் தள்ளிவிட்ட அந்தக் கை மேலும் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

"வெளிய போச்சு மாமா" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"கம்பத்துக்கு வெளிய. எம் முட்டியில வந்து பட்டுது."

இரண்டாவது பாதி உண்மை. அதனால்தான் முதல் பாதியும் உண்மை மாதிரி கேட்டது.

மாமா எழுந்தார். என் தலையில் கை வைத்தார். "பாப்பா பொய் சொல்லாது" என்றார். அப்பாவிடம், "மன்னிச்சிக்க மச்சான். இந்தப் பையன் என்னய இப்பிடி நிக்க வெச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போனார்.

அப்பா ரிப்போர்ட் எழுதினார். இந்தத் தடவை கிழிக்கவில்லை.

ஐம்பது வருஷமாக அந்தக் காலை நேரத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சந்தேகம் இருந்தது. அதனால்தான் எழுத முடியாமல் கிழித்தார். அதனால்தான் என்னைக் கேட்கச் சொன்னார். நான் உள்ளே போனது என்று சொல்லியிருந்தால் அவர் அதை எழுதியிருப்பார். அவமானப்பட்டிருப்பார், ஆனால் எழுதியிருப்பார். அவர் என்னிடம் உண்மையைத்தான் கேட்டார். நான் பாசத்தைக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்குத் தலை பின்னும்போது அம்மா கேட்டாள். "நெசமாத்தான் பாத்தியாடி?"

"ம்."

பின்னலைக் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி இழுத்து முடிந்தாள். அப்புறம் வாழ்நாளில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாமா மகனை லீக்கிலிருந்து இரண்டு வருஷம் தள்ளி வைத்தார்கள். மெட்ராஸ்காரர், ரெஃப்ரீ மேல் கை வைத்தவனை எடுக்க முடியாது என்று ஒரு கார்டு எழுதிப் போட்டார். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மாமா வீட்டுக்குப் போய் மகனை ஊர் பார்க்க அடித்தாராம். வேலை போனதற்காக இல்லை. கடலம்மா மேல் பொய்ச் சத்தியம் பண்ணியதற்காக. படகில் போகிறவர்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அந்த வருஷம் மீன் கிடைக்காததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று குப்பத்தில் பேசினார்கள். அவரோடு ஒரே படகில் ஏற யாரும் சம்மதிக்கவில்லை. ஆடி மாசம் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கேரளாப் பக்கம் போய்விட்டார். அங்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் விசைப்படகில் கூலி ஆளாக இருப்பதாக நாலு மாசம் கழித்துத் தகவல் வந்தது.

மாமா எங்களோடு சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் முன்னைவிட ஜாஸ்தியாக வந்தார். வரும்போதெல்லாம் எனக்கென்று நண்டு, இறால், வஞ்சிரக் கருவாடு. "எம் புள்ள பொய்யன். என் தங்கச்சி புள்ள தங்கம்" என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்வார். அந்த இறாலை நான் ஒவ்வொன்றாகத் தின்றேன். அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று விழுங்குவேன்.

அடுத்த வருஷம் ஹார்பர் டீம் வரவில்லை. ஃபார்வர்ட் இல்லை, மாமாவுக்கு மனசும் இல்லை. ஹார்பர் இல்லாத லீக்கைப் பார்க்கக் கூட்டம் வரவில்லை. மில் முதலாளி போட்டியில்லாத டீமை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று கலைத்துவிட்டார். பரங்கிப்பேட்டைப் பையன்கள் ஒவ்வொருத்தராகத் தாங்களும் கப்பலேறினார்கள். நெல்லிக்குப்பம் டிராக்டர் ஒரு வருஷம் வந்தது, மறு வருஷம் வரவில்லை. திட்டக்குடிக்காரர்கள் மட்டும் கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வந்து, எதிரில் ஆட யாருமில்லாமல், தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிவிட்டுப் போனார்களாம். அதுதான் லீக்கின் முடிவு. கேடயம் யார் வீட்டில் கிடந்தது, யார் எடைக்குப் போட்டார்கள் என்று தெரியாது.

அதற்கடுத்த வருஷம் எங்கள் தெருவில் கண் பரிசோதனை முகாம் வைத்தார்கள். அம்மா கட்டாயப்படுத்தி அப்பாவை அனுப்பினாள். கண்ணாடி வந்தது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள், "விருத்தாசலம்" என்றார். சின்னப் பையன் மாதிரி சிரித்தார். இன்னொரு பஸ்ஸைப் பார்த்து, "சீர்காழி" என்றார். அப்புறம் எதிரே கடைகளின் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாள் தனக்கு எதெல்லாம் தெரியவில்லை என்று கணக்குப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

கேட்கவில்லை. கடலூர் பஸ் வந்தது. ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினோம். அதற்கப்புறம் அவர் எந்த மைதானத்துக்கும் போகவில்லை. சாகும்வரை பந்து பற்றிப் பேசவும் இல்லை. நானும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே இருபது வருஷம் போய்விட்டது.

மாமா அப்பாவுக்குப் பிறகு பத்து வருஷம் இருந்து செத்தார். கருமாதிக்கு மாமா மகன் வந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும் அப்போது அவருக்கு. தலை முழுக்க நரை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. பெற்றவர்களைப் பார்க்க இத்தனை வருஷத்தில் மூன்று தரமோ நாலு தரமோதான் வந்தாராம். வந்தபோதும் மாமா முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, ஆற்றங்கரைப் பக்கம் அவர் தனியாக நின்றார். நான் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று முப்பத்தாறு வருஷமாக யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"மச்சான், அன்னிக்கு அந்தப் பந்து உள்ளதான் போச்சு. நான் பொய் சொன்னேன்."

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். அடிச்சவன் எனக்குத் தெரியாதா?"

"நான் பாத்தேன்னு தெரியுமா?"

"நீ எழுந்து நின்னு கை தட்டுன. நான் ஒன்னத்தான் மொதல்ல பாத்தேன். அப்புறந்தான் விசில் சத்தம் கேட்டுது."

நான் கை தட்டினேனா? எனக்கு அது ஞாபகமில்லை. பாவாடையில் பட்ட மண் ஞாபகம் இருக்கிறது, கோல் கீப்பர் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. இது இல்லை. இன்றைக்கு வரைக்கும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"மாமாகிட்ட அத சொன்னீங்களா?"

"சொன்னேன். அதுக்குத்தான் அடி ஜாஸ்தியாச்சு. சின்னப் புள்ள மேல பழி போடறியாடான்னு."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. "எங்க அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். "அப்பன் பேச்ச நம்பி இத்தினி வருசம் என்னய வெறுத்துட்டாங்க. இப்ப போயி சொன்னா தாங்கமாட்டாங்க. வுடு."

"இங்கயே இருந்துடுங்களேன் மச்சான். அத்தை தனியா இருக்காங்க."

"இல்ல. இனிமே வரமாட்டேன். இன்னிக்கு அப்பனுக்குச் செய்ய வேண்டியத செஞ்சிட்டேன். அவ்ளோதான்."

சாயங்கால பஸ்ஸுக்கு ஒரு ரெக்ஸின் பையோடு கிளம்பினார். அத்தை வாசலில் நின்றாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கொள்ளவில்லை. அவர் தெருமுனை திரும்பியதும் அத்தை என் கையைப் பிடித்தாள்.

"அவ்ளோ நேரம் நின்னு ஒங்கிட்ட பேசிகினு இருந்தானே. இன்னா சொன்னான்?"

"சும்மாதான் அத்தை. எப்ப வருவீங்கன்னு கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"பொங்கலுக்கு வரேன்னாரு."

அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு பொங்கலுக்கு வெள்ளை அடித்தாள்.